டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

சவுண்டு பெட்டி டிஸ்க்கை ஏற்காவிட்டால் ஆபரேட்டர் செய்யும் முதல் காரியம் பெட்டியைத் திட்டுவது. நானும் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகுதான் காரணம் தேட ஆரம்பிப்பேன். டிஸ்க்கைத் தலைகீழாகப் போட்டிருப்போம். போன வாரப் படத்தின் டிஸ்க்கைப் போட்டுவிட்டு இந்த வாரப் படத்தை ஓட்டிக்கொண்டிருப்போம். லென்ஸில் தூசி படிந்திருக்கும், அல்லது பின்னால் ஒயர் தளர்ந்திருக்கும். ஒரு தடவை பெட்டிக்குள் பல்லி முட்டை இருந்தது. எடுத்து வெளியே வைத்ததும் பெட்டி சரியாகிவிட்டது. பல்லி முட்டைக்கும் டிஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. சரியாகிப் போன விஷயத்தை நான் கிளறுவதில்லை.

அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தேன். படம் ரீல் ரீலாகத் தகரப் பெட்டியில் வரும். கூடவே கவரில் இரண்டு டிஸ்க் வரும். ஒன்று இடைவேளை வரைக்கும், இன்னொன்று அதற்குப் பிறகு. அதாவது படம் பிலிமில் இருக்கும், சத்தம் டிஸ்க்கில் இருக்கும். பிலிமின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓடும். சவுண்டு பெட்டி அந்தப் புள்ளிகளைப் படித்துக்கொண்டே, திரையில் கதாநாயகன் வாயைத் திறக்கும் நொடியில் டிஸ்க்கிலிருந்து அவன் குரலை எடுத்துக் கொடுக்கும். டிஸ்க் ஏறவில்லை என்றால் பெட்டி அதற்காகக் கவலைப்படாது. சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, பிலிமிலேயே பழைய முறையில் பதிந்திருக்கும் சத்தத்துக்கு மாறிக்கொள்ளும். படம் நிற்காது. ஆனால் எங்கள் தியேட்டரில் அந்தப் பழைய சத்தத்தைப் படிக்கிற விளக்கு மங்கிப்போயிருந்தது. எல்லா நடிகர்களும் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவார்கள். பின்பக்கச் சுவரில் முதலாளி ஆசை ஆசையாக மாட்டிய ஸ்பீக்கர்கள் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

எனக்குப் பெண் கிடைக்காமல் இருந்ததும் அதே காலத்தில்தான். ஜாதகத்தில் குறை இல்லை, கை கால் நன்றாக இருந்தது, குடியும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்பார்கள். சினிமா கொட்டாயில் என்றதும் பெண் வீட்டார் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். ஆபரேட்டர் என்றால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரா என்று சிலர் நம்பிக்கையோடு கேட்டதும் உண்டு. ஆமாம் என்று சொல்லியிருந்தால் எப்போதோ கல்யாணம் முடிந்திருக்கும்.

அப்படி இருக்கும்போது தரகர் மூலமாகக் கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பம். பெண் பார்க்கப் போனோம். அவள் தலையைக் குனிந்துகொண்டே வந்து டீ கொடுத்தாள். என்னோடு வந்தவர்கள் எல்லாம் பஜ்ஜித் தட்டைத் தங்கள் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகிற போக்கில் அவள் அந்தத் தட்டை யாருக்கும் தெரியாத மாதிரி என் பக்கமாக நகர்த்திவிட்டுப் போனாள். முகத்தை ஓரமாகத்தான் பார்த்தேன், ஆனால் இந்தப் பெண்தான் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பஜ்ஜிக்காகக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் என்று இன்றைக்கும் வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

அந்த வீட்டில் அப்பா அம்மா இருந்தார்கள். ஆனால் முடிவு சொல்கிறவர் பெண்ணின் தாய்மாமன். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. பெரிய மீசை கிடையாது, அதட்டல் கிடையாது, மெதுவாகத்தான் பேசுவார். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் மனிதரை அசைக்க முடியாது. எனக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா விளக்கேற்றும்போது விளக்கு அணைந்துவிட்டது என்று மாமன் எழுந்து வந்துவிட்டார். விளக்கை அணைத்த அந்தக் காற்றாடியைப் போடச் சொன்னது யார் என்று தரகரைக் கேட்டேன். மாமன்தான் வேர்க்கிறது என்று போடச் சொன்னாராம்.

அந்த மாமன் சொல்லியனுப்பினார்: மாப்பிள்ளை செய்கிற தொழிலை என் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு பேசலாம். எங்கள் முதலாளிக்கு இதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. "மொத நாளு மேட்னிக்கு வரச் சொல்லுப்பா. பெட்டி பூஜைய அவரு கையாலயே செய்யட்டும். நம்ம டிஜிட்டல் சவுண்ட கேட்டுட்டு எவன் பொண்ணு குடுக்க மாட்டேம்பான், பாக்கறேன்" என்றார்.

பெட்டி பூஜை என்பது எங்கள் தியேட்டர் வழக்கம். புதுப் படம் வந்தால் ரீல் பெட்டி, புரொஜெக்டர், சவுண்டு பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் முதல் காட்சி. டிஸ்க்குக்கும் வைக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. நான் அதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். காலிக் கவரைத்தான் தாம்பாளத்தில் வைப்பேன். கவருக்குப் பொட்டு வைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், பூவையும் போடுவார்கள். டிஸ்க் என் மேசை அலமாரியில் பத்திரமாக இருக்கும். சாமிக்கும் மரியாதை, டிஸ்க்குக்கும் மரியாதை.

அந்த நாள் வந்தது. மாமன், பெண்ணின் அப்பா, அம்மா, இன்னும் சில உறவுக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். முறைப்படி பெண் வரவில்லை. கரியாலூரிலிருந்து காலை பஸ்ஸிலேயே இறங்கி வந்த மலைக்கார இளைஞர்கள் கேட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். என் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஏதோ தியேட்டரே நம்முடையது என்கிற மாதிரி வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவரு இன்னா சொன்னாலும் சரிங்கன்னு சொல்லு. வேற எதுக்கும் வாயத் தொறக்காத" என்றாள்.

பெண்ணின் அப்பா அம்மாவைப் பால்கனியில் உட்கார வைத்தார்கள். மாமனை முதலாளி ஆபரேட்டர் ரூமுக்கு அழைத்து வந்தார். அந்த நேரம் பார்த்து முதல் ரீலின் ஆரம்பத்தில் பிலிம் கிழிந்திருந்தது. நான் அதை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் மாட்டிக்கொண்டது. எனக்கு உதவி செய்கிறேன் என்று முதலாளியே அலமாரியைத் திறந்து, டிஸ்க் இரண்டையும் வெளியே எடுத்து வெற்றிலை மேல் வைத்து மாமன் முன்னால் நீட்டிவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது கற்பூரம் எரிந்து முடிந்திருந்தது. மாமன் பெட்டியின் இரண்டு வாயிலும் டிஸ்க்கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். எழுத்து இருக்கும் பக்கம் மேலே இருந்தது, சுத்தமாகவும் இருந்தது. அப்பாடா என்று புரொஜெக்டரை ஓட்டினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

டிஸ்க்கை வெளியே தள்ளித் திரும்பப் போட்டேன். சிவப்பு. பெட்டியை அணைத்துப் போட்டேன். சிவப்பு. பின்பக்கம் ஒயரை அழுத்திப் பார்த்தேன். அதற்குள் கதாநாயகன் வந்துவிட்டான், கூட்டம் போட்ட விசிலில் அவன் பேசியது பானைக்குள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. கீழே போயிருந்த முதலாளி மட்டும் அங்கிருந்து இன்டர்காமில் கூப்பிட்டார்.

"இன்னாப்பா சத்தம் இது? போஸ்டர்ல இன்னா போட்டிருக்கோம்?"

"பாத்துக்கினு இருக்கேன் மொதலாளி."

"மாமன் பக்கத்துலயே இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப சிரிச்ச மாதிரி மூஞ்ச வெச்சிக்கினு பாரு."

மாமன் என் மேசை அலமாரிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பால்கனிக்குப் போய் வசதியாக உட்காரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். இங்கிருந்து பார்த்தால்தான் தொழில் தெரியும் என்றார். கீழே சூடாக போண்டா இருக்கிறது என்றேன். போண்டா வாயு என்றார்.

"இன்னா தம்பி, அந்த லைட்டு செவப்பா எரியுது?"

"சூடாவுதுங்க. பச்சையாயிடும்."

"ஆலையில பாய்லர்லயும் இப்பிடித்தான் ஒன்னு எரியும்" என்றார். "சவுண்டு நல்லாதான இருக்குது?"

எனக்குக் கோபமாக வந்தது. பெண் கொடுக்கப்போகிறவர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவர் சுவரிலிருந்த சின்ன சன்னல் வழியாகப் படத்தைப் பார்க்கத் திரும்பிய நேரத்தில் டிஸ்க்கை வெளியே எடுத்து விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்தில், நடு ஓட்டைக்குச் சற்று மேலே, நெற்றி என்று சொல்லத்தக்க இடத்தில், சந்தனம் வைத்து அதற்கு மேல் குங்குமம் வைத்திருந்தது. பெட்டி அந்தப் பக்கத்தைத்தான் படிக்க வேண்டும். அதிலும் எந்தப் படம், எங்கே என்ன சத்தம் என்கிற விவரமெல்லாம் நடு ஓட்டையை ஒட்டித்தான் எழுதியிருக்கும். டிஸ்க் முழுக்க வேறு எங்கே வைத்திருந்தாலும் ஏதோ கொஞ்ச நேரம் திக்கிப் பேசியிருக்கும். மனிதர் சரியாக அந்த இடம் பார்த்து வைத்திருந்தார்.

"நாந்தான் வெச்சேன்" என்று மாமன் சத்தம் கேட்டது. திரும்பிவிட்டார். "ரெண்டுத்துக்கும் வெச்சேன். ஒங்க மொதலாளி எழுத்து இருக்கற பக்கமா வெக்க சொன்னாரு. எழுத்துமேல போயி எவனாச்சும் பொட்டு வெப்பானா? மொகம் இதுதான? பாரு, நம்ம மொகமே தெரியுது."

"சரிங்க" என்றேன்.

வீட்டுக் கண்ணாடிக்கு நாம் எந்தப் பக்கம் பொட்டு வைக்கிறோம்? அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தால் முடிந்தது வேலை. ஆனால் விளக்கு அணைந்ததற்கே ஒரு சம்பந்தத்தை முறித்தவர், அவர் கையால் வைத்த குங்குமத்தை, கல்யாணம் பேச வந்த நாளில், நான் அவர் கண்ணெதிரே அழித்தால் என்ன ஆகும் என்பதற்குத் தரகர் வந்து விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க்கைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன். படத்தின் முதல் பாதி முழுக்கப் பானைக்குள்ளேயே ஓடியது.

இடைவேளை விட்டதும் இரண்டு டிஸ்க்கையும் கவரில் போட்டுக்கொண்டேன். பஞ்சும் ஸ்பிரிட்டும் அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தன. கேட்டால் எதற்கு என்பார். "கீழ மொதலாளி ரூம்ல இத ஒருதரம் பாத்துட்டு வந்துடறேங்க" என்றேன்.

"போய்ட்டு வா தம்பி. நான் பெட்டியப் பாத்துக்கறேன்" என்றார்.

ஆண்கள் பக்கக் குழாயில் ஊரே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் டிக்கெட் பக்கமாகச் சுவரை ஒட்டி இன்னொரு குழாய் உண்டு, பக்கத்தில் ஒரு வாழை மரம். அங்கே ஓடினேன். குழாயைத் திறந்து டிஸ்க்கைத் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுபோனேன். கை அதற்கு மேல் போகவில்லை. எனக்குச் சகுனத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது என்று அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கிறது, நான் பாட்டுக்கு டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"தண்ணி வீணாப் போவுதுங்க" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

பார்த்தால் அவள். கச்சிராயபாளையத்துப் பெண். கூட ஒரு தோழி முறுக்கு தின்றுகொண்டு நின்றாள். எனக்கு வாயிலிருந்து சத்தமே வரவில்லை. சிவப்பு விளக்கு எனக்கும் எரிந்திருக்க வேண்டும்.

"வேன்ல வரலீங்க. டவுன் பஸ்ல வந்தோம். வூட்ல தெரியாது" என்றாள், நான் கேட்காமலேயே. பிறகு கையைக் காட்டினாள். "இன்னாங்க அது?"

"படத்தோட சத்தம் இதுலதாங்க இருக்குது."

"அதான் இன்னிக்கி சத்தம் ஒரு மாதிரி இருக்குதா? போன தடவ வந்தப்ப நமக்குப் பின்னால இருந்தெல்லாம் பேசினாங்க. இன்னிக்கி பின்னால யாருமே பேசல."

"எனக்கு நல்லாதான கேக்குது" என்றாள் தோழி.

அந்தத் தியேட்டரில் நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒரு ஆள் வந்து பின்னால் சத்தம் வரவில்லையே என்று கேட்க மாட்டானா என்று ஏங்கியிருக்கிறேன். அது இந்தப் பெண் வாயிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் மாமா பொட்டு வைத்துவிட்டார், அது இருந்தால் பெட்டி படிக்காது, அழித்தால் அவர் பெண் தர மாட்டார் என்று வரிசையாகச் சொன்னேன். அம்மா வாயைத் திறக்காதே என்று சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவள் டிஸ்க்கில் இருந்த பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"குடுங்க" என்றாள்.

"ஓரத்துல புடிங்க. வெரல் படக்கூடாது" என்றேன். நான் அவளிடம் கொடுத்த முதல் பொருளும், சொன்ன முதல் புத்திமதியும் இதுதான்.

ஓரத்தில்தான் பிடித்தாள். மோதிர விரலால் டிஸ்க்கிலிருந்த குங்குமத்தைச் சந்தனத்தோடு வழித்துத் தன் நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டுக்கு மேலே வைத்துக்கொண்டாள். இரண்டாவது டிஸ்க்கிலும் அதே மாதிரி எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"சாமிக்கு வெச்சத எடுத்து வெச்சிக்கினா பிரசாதம். அழிச்சாதான தப்பு" என்றாள். மிச்சமிருந்த கறையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீர் யார் காலிலும் மிதிபடாதபடி வாழை மரத்தடியில் விழும்படி பிடித்தாள். கழுவி முடித்து டிஸ்க்கை என்னிடம் நீட்டினாள். மணி அடித்துவிட்டார்கள். நான் ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. பனியனைத் தூக்கி டிஸ்க்கைத் துடைத்துக்கொண்டே படியேறி ஓடினேன். பின்னால் தோழி சிரிப்பது கேட்டது.

போட்டதும் சிவப்புதான் எரிந்தது. வெளியே இழுத்தால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். துடைத்துத் திரும்பப் போட்டேன். பச்சை.

இரண்டாம் பாதியில் முதல் காட்சியே மழை. மழை பின்பக்கச் சுவரிலிருந்து ஆரம்பித்துத் தலைக்கு மேலே வந்தது. மலைக்கார இளைஞர்களில் பாதிப் பேர் எழுந்து திரும்பிக் கூரையைப் பார்த்தார்கள். இன்டர்காமில் முதலாளியின் சிரிப்பு கேட்டது. மாமன் ஸ்டூலை விட்டு எழுந்து சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

"தொழில்னா இதான் தொழிலு மாப்ள" என்றார்.

மாப்ள என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது எனக்கு எல்லா ஸ்பீக்கரிலும் கேட்டது. படம் முடியும் வரை நான் தரையில் நிற்கவில்லை. பெண்கள் பெஞ்சுப் பக்கம் இருட்டில் எந்தத் தலை அவள் தலை என்று தேடிக்கொண்டே ரீல் மாற்றினேன்.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மாமன் கிளம்பும் முன் டிஸ்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று, அவரே பித்தானை அமுக்கி வெளியே எடுத்தார். நான் போய்த் தடுப்பதற்குள் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"பொட்டு எங்க?"

மாப்ள போய்விட்டது. தம்பியும் இல்லை.

உங்கள் அக்கா மகள் எடுத்து வைத்துக்கொண்டாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தப்பித்தேன். ஆனால் அவள் வந்ததே இவர்களுக்குத் தெரியாது. வரக்கூடாத இடத்துக்குத் திருட்டுத்தனமாக பஸ் ஏறி வந்து, இன்னும் பேசி முடிக்காத மாப்பிள்ளையோடு குழாயடியில் பேசியவள் என்று தெரிந்தால், அன்றைக்கு அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலும் நடந்திருக்கிறது.

"நான் கழுவிட்டேங்க" என்றேன்.

"கழுவிட்ட."

"ஆமாங்க. அது இருந்தா பெட்டி படிக்காதுங்க."

"நான் வெச்ச பொட்ட. நான் இங்க உக்காந்துக்கினு இருக்கும்போதே."

"ஆமாங்க."

அவர் டிஸ்க்கை ஸ்டூல் மேல் வைத்தார், பளபளப்பான பக்கம் கீழே இருக்கும்படி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நான் வாசல் பக்கச் சன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா டீ டம்ளர்த் தட்டோடு எதிரே வந்தாள். யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

"இன்னாடா சொன்ன அவருகிட்ட?" என்று அம்மா தட்டோடு மேலே ஏறி வந்து கேட்டாள்.

"ஒன்னும் சொல்லல."

"பின்ன ஏன் இப்பிடிப் போறாரு?"

நான் ரீலைச் சுற்ற ஆரம்பித்தேன். அம்மா அங்கேயே படியில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயை ஒவ்வொன்றாகக் குடித்தாள். அவளுக்கு டீ பிடிக்காது.

அதற்குப் பிறகு படம் அமோகமாக ஓடியது. பெட்டி ஒரு காட்சியில் கூடத் தகராறு செய்யவில்லை. போட்டதும் பச்சை. எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மழைக் காட்சி வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடுவேன். சோறு இறங்கவில்லை. பழகிய பெண்ணாக இருந்தால் ஒரு அர்த்தம் இருக்கிறது, ஒரு பஜ்ஜித் தட்டுக்கும் ஒரு குழாயடிக்கும் இவ்வளவு துக்கம் எதற்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெட்டியைத் திட்டினால் கேட்கும், இது கேட்கவில்லை. தரகரைப் பிடிக்கப் போனால் ஆள் அகப்படவில்லை. ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் பையனுக்கு அந்தப் பெண்ணைப் பேசி, தட்டு மாற்ற நாள் பார்க்கிறார்கள் என்று மட்டும் காதில் விழுந்தது.

ஒருநாள் மேட்னி ஓடிக்கொண்டிருக்கும்போது தரகரே ஆபரேட்டர் ரூமுக்கு ஏறி வந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அம்மாவும் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.

கச்சிராயபாளையத்து வீட்டில் நடந்ததை அவர் சொன்னார். கான்ட்ராக்டர் வீட்டுக்குச் சம்மதம் சொல்லியனுப்ப எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சுவாக்கில் மாமன் என்னை இழுத்து, பொட்டழித்த கையில் பெண்ணைக் கொடுக்காமல் தப்பித்தோம் என்று சொல்லியிருக்கிறார். சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த பெண் உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறாள்.

"அவரு அழிக்கல மாமா. நான் எடுத்து நெத்தியில வெச்சிக்கினேன்" என்றிருக்கிறாள்.

நீ எங்கே அங்கே போனாய் என்று அப்பா கேட்டிருக்கிறார். படம் பார்க்கப் போனேன், அவரைப் பார்க்கவும் போனேன் என்றாளாம். அப்பா கையை ஓங்கிவிட்டார். மாமன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடம் கேட்டாராம்: "அப்ப அவன் ஏன் தான் கழுவினதா சொன்னான்?"

"நான் வந்தது ஒங்களுக்குத் தெரிஞ்சா அடிப்பீங்கன்னு."

மாமன் எழுந்து, கான்ட்ராக்டர் வீட்டுக்குக் கிளம்பியிருந்த ஆளை உட்காரச் சொன்னாராம். நல்ல நாள் பார்த்துக்கொண்டு வரச் சொல்லித் தரகரை இங்கே அனுப்பியிருக்கிறார்.

தரகர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவள் கூடத்துக்கு வந்து நின்றது மட்டும்தான் மனதில் ஓடியது. ஒருவன் நீட்டிய டிஸ்க்கிலிருந்து குங்குமத்தை நானே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன் என்று உறவு முழுக்க உட்கார்ந்திருக்கும்போது சொன்ன பெண்ணை, வேறு எந்த வீட்டிலும் எடுக்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரியும். மாமன் மனம் மாறுவார் என்று தெரியாது, அடி விழாது என்றும் தெரியாது. அந்த அவமானத்துக்குப் பிறகு நான் அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதிப்பேனா என்று கூட அவளுக்குத் தெரியாது. நாங்கள் பேசியதே அந்தக் குழாயடியில்தான். தெரிந்தே எல்லாக் கதவையும் சாத்திவிட்டு என் பக்கம் மட்டும் திறந்து வைத்திருக்கிறாள்.

என்னை அறியாமல் அழுதுவிட்டேன். புரொஜெக்டர் பக்கமாகத் திரும்பிக்கொண்டுதான் அழுதேன், ஆனால் தோள் காட்டிக்கொடுத்துவிட்டது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், மெஷின் சத்தத்தில் தரகர் சொன்னது பாதி கூட விழவில்லை. அவள் கிட்டே வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டா அழற? பொண்ணு குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?"

"இல்லம்மா" என்றேன். "அந்தப் பொண்ணே எனக்காக வெளிய வந்து நின்னுடுச்சி."